ஒரு நொடியில் எட்டுப் படம்

போன வருடம் மகள் ஆடிய போட்டியில் அவர் போனில் எடுத்தது நூற்று நாற்பது படங்கள். ஒன்றில்கூட அவளுக்கு முகம் இல்லை. பந்தை அடிக்கத் துள்ளும்போதெல்லாம் மஞ்சள் பனியனும் கையும் சேர்ந்து இழுபட்ட கோடாக விழுந்திருந்தன. இந்த வருடம் அந்த வேலையே வேண்டாம், ஒரு கேமரா வாங்கிவிடுவோம் என்று அவர் முடிவு செய்ததற்கு அதுதான் காரணம். சனிக்கிழமை விளையாட்டு விடுதிப் பள்ளிக்கு வாலிபால் தேர்வு. இருபத்துநான்கு பெண்களில் ஆறு பேரை எடுப்பார்கள். எடுத்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே.

அவர் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மனைவிக்குச் சட்டை தைக்கிற ஆலையில் பரிசோதனை மேசை. தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் விளக்குக்கு அடியில் விரித்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே மகளுக்குப் பதினாறு வயது. அவள் எம்புகிற உயரத்தைப் பார்த்துக் கூட ஆடுகிறவர்கள் வெட்டுக்கிளி என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அது கிளி என்று சுருங்கிவிட்டது.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அடுத்த மாதம் தங்கைக்குப் பிரசவம். குழந்தையையும் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும், பந்துக்கு மட்டும் என்று ஒன்றை வாங்கி அலமாரியில் தூங்க வைக்கக் கூடாது. அவர் தலையாட்டினார். வியாழக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்ததும் மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரருக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே என்ன வேண்டும், எவ்வளவுக்குள் வேண்டும் என்று கேட்டுவிட்டு, மூன்று கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று சட்டைப்பைக்குள் போகிற அளவு. இரண்டாவது புதியது, மூக்கு நீண்டது, அறுபது மடங்கு ஜூம் என்று பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாவது யாரோ ஒரு வருடம் வைத்திருந்து கொடுத்த பழையது. ஓரத்தில் கொஞ்சம் கீறல், ஆனால் உடம்பு கனமாக இருந்தது. விலை புதியதற்கும் பழையதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவர் கை நேராக அறுபது மடங்குக்குப் போனது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பந்தில் இருக்கிற எழுத்தைப் படிக்கலாமே என்றார். கடைக்காரர் மறுக்கவில்லை. அரங்கத்துக்குள் வெளிச்சம் கம்மி. வெளிச்சம் கம்மியானால் ஷட்டர் மெதுவாகத்தான் மூடும். மெதுவாக மூடினால் ஓடுகிறவர்கள் எல்லாம் ஆவி மாதிரிதான் விழுவார்கள். எவ்வளவு கிட்டே இழுத்தாலும் ஆவி ஆவிதான் என்றார். பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டு, எதற்கு வாய்ப்பேச்சு, பின்னாடி சந்து இருக்கிறது, பாப்பாவைக் குதிக்கச் சொல்லி நீங்களே எடுத்துப் பாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்.

சந்தில் பொழுது சாய்ந்த மங்கல் வெளிச்சம். பயிற்சிக்குப் போட்ட மஞ்சள் பனியனோடேயே வந்திருந்த கிளி சுவரோரம் போய் நின்று, இல்லாத பந்தை அடிக்க ஓடிவந்து எம்பினாள். சின்னக் கேமராவில் அவர் பொத்தானை அமுக்கினார். படம் விழுந்தபோது அவள் தரையில் நின்று ஜடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவரே சிரித்துவிட்டார். நீள மூக்கில் அவள் சரியான இடத்தில்தான் இருந்தாள், ஆனால் பழைய கதைதான், மஞ்சள் கோடு. மூன்றாவதை எடுத்தபோது பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிக்கச் சொன்னார் கடைக்காரர். தட தடவென்று சத்தம். நொடிக்கு எட்டுப் படம்.

பின்புறத் திரையில் அவர் முதல் படத்தைப் பார்த்தார். மகள் தரையிலிருந்து இரண்டடி மேலே, விரல் விரலாக, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரரின் தோளைத் தட்டினார். கிளியும் எட்டிப் பார்த்து, மீதிப் படங்களை வேகமாகத் தள்ளினாள். பார்த்தவள் முகம் சட்டென்று சுருங்கியது.

"முதல்ல பார்த்த சின்னதே போதும்ப்பா," என்றாள். "இது ரொம்ப கனம். பழசு வேற."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாரமாக, இருக்கிறதிலேயே வேகமானதுதான் வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்திலெல்லாம் பிடிவாதம் பிடித்தவள் இவள். எந்தக் கேமரா எத்தனை படம் எடுக்கும் என்று அப்பாவுக்கே பாடம் நடத்தியவள். கடைக்காரரிடம் அந்த எட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டச் சொன்னாள் அம்மா.

சட்டை பார்க்கிற அதே கண்தான். முதல் நாலு படத்தில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் இறங்குகிறாள். ஆறாவதில் வலதுகால் தரையைத் தொடுகிறது, இடதுகால் மடங்கி மேலேயே நிற்கிறது. ஏழாவதில் முகம். அது ஆடுகிறவளின் முகம் இல்லை. சூட்டுக்கோல் பட்டவளின் முகம். எட்டாவதில் மறுபடி சிரிக்கிறாள். வெறுங்கண்ணால் பார்க்கிறவனுக்கு எட்டாவது மட்டும்தான் தெரியும்.

இன்னொரு தடவை குதி என்றாள் அம்மா. பசிக்கிறது என்றாள் கிளி. அப்பாவும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சவே, அவள் ஓடிவந்து எம்பி, இந்தத் தடவை இரண்டு காலையும் அழுத்தமாக ஊன்றி இறங்கினாள். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. மகளின் மேலுதட்டில் பொடித்த வியர்வையைப் பார்த்தாள். கடைக்காரரும் பார்த்தார் போலிருக்கிறது, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"இதையே எடுத்துக்கலாங்க," என்றாள் அம்மா.

அப்பா பில் போட நின்ற நேரத்தில் தாயும் மகளும் வாசலில் வண்டியருகே நின்றார்கள்.

"எத்தனை நாளா?"

கிளி தெருவைப் பார்த்தாள். மூன்று வாரமாம். முழங்காலுக்குக் கீழே, எலும்பு ஓரத்தில் ஒரே இடத்தில் ஊசி குத்துவது மாதிரி இருக்குமாம். நடந்தால் தெரியாதாம்.

"சனிக்கிழமை மட்டும் முடியட்டும்மா. அப்புறம் நீ எந்த டாக்டர்கிட்ட கூப்பிட்டாலும் வர்றேன். அப்பாகிட்ட சொல்லாத. அவர் தாங்க மாட்டார்."

அதற்குள் அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். எந்த மூலையில் உட்கார்ந்தால் வலையும் தெரியும், முகமும் தெரியும் என்று யோசித்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆலையில் அவள் கண் சட்டையில் இல்லை. காலர் திரும்பித் தைத்த ஒன்றை அப்படியே அனுப்பிவிட்டாள். பதினோரு வருடத்தில் நடக்காத விஷயம். மேற்பார்வையாளர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில் ஆலை நர்ஸிடம் போய், வேறு யாருக்கோ என்பது போல விசாரித்தாள். சதை வலி என்றால் பரவலாக இருக்கும், ஒரு விரலால் எலும்பில் அமுக்கிப் பாருங்கள், ஒரே புள்ளியில் துடித்தால் குதிக்க விடாதீர்கள், முதலில் எக்ஸ்ரே என்றாள் நர்ஸ்.

மாலையில் மகளைக் கட்டிலில் உட்காரவைத்து அமுக்கினாள். வலிக்கவில்லை என்றாள் கிளி. சொல்லும்போதே போர்வையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இதை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும், கணக்கில் வாங்குகிற மார்க்குக்கு எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிட்டுச் சோறு போடும் என்று கேட்டாள். கடைசியில் அம்மா ஒரு பேரத்துக்கு வந்தாள்: வலி அதிகமானால் நீயே கையைத் தூக்கிவிட வேண்டும். சரி என்றாள் கிளி. சொல்லும்போதே அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கணவர் அடுத்த அறையில் வாங்கிவந்த கேமராவால் மின்விசிறியைப் படம் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். அவள் கதவு வரை போனாள். றெக்கைகள் தனித்தனியாக நிற்கிற படத்தை அவர் உற்சாகமாகக் காட்டினார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

சனிக்கிழமை அரங்கத்தில் அவர் சொன்ன மூலையே கிடைத்தது. முதல் செட் தொடங்கியதும் அவர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. தட தட, தட தட. கிளி நன்றாகத்தான் ஆடினாள். தேர்வாளர் மேசையில் ஒருவர் குனிந்து பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், இருவரும் மஞ்சள் பனியனைப் பார்த்தார்கள். அம்மா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு தடவையும் கால் தரையில் இறங்குவதை மட்டும் எண்ணினாள். பதினான்கு. பதினைந்து. கிளி கையைத் தூக்கவில்லை. இருபதாவது தடவை இறங்கியபோது வலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். ஷூ கயிறு கட்டுகிறவள் மாதிரி குனிந்தாள். கயிறு அவிழவே இல்லை.

செட் அவர்கள் பக்கம் முடிந்தது. இடைவேளையில் அவர் படங்களைத் தள்ளிப் பார்த்தார். முதலில் சிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. ஒரு படத்தைப் பெரிதாக்கினார். இன்னொன்றையும் பெரிதாக்கினார். பிறகு கேமராவை மடியில் இறக்கி வைத்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"கடையிலேர்ந்து."

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கீழே பார்த்தார். கிளி தண்ணீர் குடித்துக்கொண்டு, இடதுகாலை மட்டும் தரையில் ஊன்றாமல் நின்றாள். தேர்வாளர்களைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, மனைவிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"இன்னும் ஒரு செட்தான். அவங்க குறிச்சுட்டாங்க, பார்த்தல்ல? ஒரே ஒரு செட்."

இரண்டு நாளாக அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் அவை. வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அவை எப்படிப்பட்டவை என்று அவளுக்கு உறைத்தது. அவர் மடியிலிருந்து கேமராவை எடுத்தாள். அவர் கேமரா வாரைப் பிடித்தார். பிடித்த கையை அவரே விட்டுவிட்டார்.

படிகளில் இறங்கும்போது விசில் ஊதிவிட்டார்கள். கிளி ஓடி எம்பினாள், இறங்கினாள், அம்மாவுக்கு அந்தச் சத்தம் தன் பல்லில் கேட்டது. கோட்டைத் தாண்டி வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் நேராக, கிளிக்குப் பயிற்சி தருகிற கோச் மேடத்திடம் போய், எதுவும் சொல்லாமல் திரையைக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோச் முதலில் எரிச்சலோடு பார்த்தார், பிறகு கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் கேட்டேனே, தசைப்பிடிப்பு என்றுதானே சொன்னாள் என்று முணுமுணுத்தார். கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

கிளி வெளியே வர மறுத்தாள். நடுக்களத்தில் நின்றபடி அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு அம்மா அங்கேயே நின்றாள். மாற்று ஆட்டக்காரி உள்ளே போன பிறகுதான் கிளி நகர்ந்தாள். கோட்டை எட்டுவதற்குள் கால் தாங்காமல் போனது. அப்பா எப்போது படியிறங்கி வந்தார் என்று தெரியவில்லை, மகளை அப்படியே தூக்கிக்கொண்டார்.

எலும்பில் மயிரிழைக் கீறல். எக்ஸ்ரேவை விளக்கில் மாட்டி டாக்டர் பேனா முனையால் காட்டினார். அந்த செட்டை முடித்திருந்தால் அநேகமாக முழுசாக முறிந்திருக்கும், தகடு வைக்க வேண்டியிருந்திருக்கும், அதற்குப் பிறகு இந்த உயரத்துக்கு எம்புவது சந்தேகம் என்றார். இப்போது பத்து வாரம் கட்டு, பிறகு பார்க்கலாம். ஆறு பேர் பட்டியல் திங்கட்கிழமை வந்தது. அதில் அவள் இல்லை. அடுத்த தேர்வு அடுத்த வருடம்தான், வயது வரம்புக்குள் இன்னும் ஒரு தடவை வரலாம் என்று கோச் போனில் சொன்னார்.

ஒன்பது நாள் கிளி அம்மாவோடு பேசவில்லை. எல்லாம் அப்பா வழியாகத்தான். "அம்மாவ சார்ஜர எடுத்துத் தரச் சொல்லுங்கப்பா" என்பாள், அம்மா ஒரு முழ தூரத்தில் நிற்பாள். அவர் முகத்தைத் திருப்பாமல், உன் மகள் சார்ஜர் கேட்கிறாள் என்று சொல்லுவார். அந்த ஒரு செட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு காலையில் மட்டும், அவள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, வாரைப் பிடிச்சது தப்புதான் என்று செருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

பத்தாம் நாள் மாலை அம்மா கட்டுக்கு அடியில் தலையணை வைக்கப் போனபோது கிளி தானாகப் பேசினாள்.

"நீ வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும்."

அம்மா தலையணையைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் அழுதா நீ கேட்டுடுவியா? நான் என்ன வேணா சொல்லுவேன். நீ ஏன் கேட்ட?"

அம்மாவுக்கும் ஆசை இருந்தது, கூப்பிட்டுச் சோறு போடுகிற பள்ளிக்கூடம் அவளுக்கும் தேவைப்பட்டது, அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கேட்டிருக்கக் கூடாது," என்றாள். "என் மேலதான் தப்பு."

கிளி கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக நகர்த்தி, கட்டிலில் அம்மா உட்கார இடம் விட்டாள்.