கால் நனையாமல் வந்த அதிகாரி

கரட்டுப்புதூருக்கு என்ன வேண்டும் என்று சர்க்கார் கேட்டுவிட்டது. அதுதான் வந்த வினை.

அதுவரை சர்க்கார் வரியைத் தவிர வேறு எதையும் அந்த ஊரிடம் கேட்டதில்லை. மதராஸில் நம்மவர்கள் மந்திரிகளாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆனி மாதம் கடமலைக்குண்டு சந்தையில் தமுக்கடித்துச் சொன்னார்கள். ஒவ்வொரு ஊரும் தனக்கு ரொம்ப அவசரமான தேவை எதுவோ அதை, ஒன்றே ஒன்றை, மனுவில் எழுதித் தரலாம். மதுரையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவசரம்தான் என்று அவர் எழுதினால் அந்த வேலைக்கு முதல் இடம்.

ஒன்றே ஒன்று என்றால் லேசா? மூன்று நாள் ஊர் மந்தையில் சண்டை நடந்தது. நாட்டாமை மொக்கைச்சாமிக்குக் கண்மாய் மடை. அதன் கீழேதான் அவருடைய நிலம் இருந்தது. கர்ணனுக்குப் பள்ளிக்கூடம். ராக்கையாவுக்கு, கரும்பை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட ஒரு துப்பாக்கி லைசென்ஸ். அவனவன் வீட்டுக் கஷ்டம் அவனவனுக்கு அவசரம். அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் ராக்கம்மாள் மந்தைக்கு வந்தாள். தென்னந்தோப்பு வைத்துத் தானே விவசாயம் பார்க்கிற விதவை. வாய் கொஞ்சம் நீளம்; அதனால் பொம்பளைக்கு மந்தையில் என்ன வேலை என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"போன வருசத்துக்கு முந்தின ஐப்பசியில எம்மக ஜக்கம்மா பிள்ளை வலியெடுத்து ஆத்தங்கரையில கிடந்ததை எல்லாரும் பாத்தீக. அக்கரையில வண்டி நின்னுச்சு. வண்டியில ஏத்துனா கடமலைக்குண்டு ஆஸ்பத்திரி. நடுவுல தண்ணி. இப்ப சின்னவ ராமுத்தாய்க்கும் இந்த ஐப்பசிதான் கணக்கு. ஆத்துக்குப் பாலம்னு எழுதுங்க."

மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தார். ஜக்கம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்த நாலு பேரில் அவரும் ஒருவர். பாலம் என்றே எழுதினார்கள்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். அதிகாரி வருகிற நாள் தெரிந்ததும், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் ராக்கம்மாள்.

"நமக்குப் பாலம் குடுக்க வர்ற மனுசன். அவுக கால் நனைஞ்சா ஊருக்கு மரியாதையா?" என்றாள். சொன்னதோடு நிற்காமல், காய்ப்பு ஓய்ந்த தென்னைகளில் நெட்டையாக ஆறு மரங்களைத் தன் தோப்பிலிருந்தே வெட்டித் தந்தாள். ஆம்பளைகள் மூன்று நாள் ஆற்றில் நின்று மரங்களைப் போட்டு, குறுக்கே மூங்கில் பரப்பி, புதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். வைக்கோலும் மண்ணும் கொட்டி மேலே பாய் விரித்தார்கள். கைப்பிடிக்கு மூங்கில், மூங்கிலில் மாவிலைத் தோரணம். விருந்தாளி என்று வந்துவிட்டால் அந்த ஊர்க்காரனுக்குக் கண் தெரியாது. ஊரில் இருநூறு தலை இருந்தது. பாலம் கேட்டு மனுக் கொடுத்துவிட்டுப் பாலத்தின் மேலேயே அதிகாரியை நடத்திக் கூட்டி வருகிறோமே என்று ஒரு தலைக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், கெட்ட மனிதர் இல்லை. பாலத்தில் நடந்தார். நடுவில் நின்று ஒரு தடவை காலால் மிதித்தும் பார்த்தார். மாலை போட்டார்கள். சத்திரத்தில் இலை போட்டு நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் பரிமாறினார்கள்.

சாப்பிட்டபடியே அவர் மொக்கைச்சாமியிடம் சொன்னார்: "பாலம் நல்லாத்தான் இருக்கு. அப்பப்போ மரத்தை மாத்தினா இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆத்துல பாலமே இல்லாத ஊரெல்லாம் என் லிஸ்ட்ல இருக்கு. உங்க ஊருக்கு அவசரம் இல்லைன்னுதான் நான் எழுதணும்."

குழம்புச் சட்டியோடு நின்ற ராக்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. யார் மேல் எரிவது? யோசனை சொன்னது அவள், மரம் கொடுத்தது அவள். எதிரே சுவரோரம் ராமுத்தாய் ஐந்து மாத வயிற்றோடு இலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அது உங்களுக்காக முந்தாநாள் போட்டது. அதுக்கு முன்னால அங்கன ஒண்ணுமே கிடையாது."

அதிகாரி சிரித்தார். "எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா சொல்றாங்க. ஒரு ஊர்ல புதுக் கிணத்தை மூடி வச்சிட்டு, கிணறே இல்லைன்னாங்க. நான் கண்ணால பாக்குறதைத்தான் எழுத முடியும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் ராக்கம்மாளை உலுக்கிவிட்டது. சட்டியைக் கீழே வைத்தாள், அரிவாளை எடுத்தாள், ஆற்றுக்கு நடந்தாள். கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். மேலே மலையில் மழை. தண்ணீர் இழுப்பாக வந்துகொண்டிருந்தது. மூங்கில் முதலில் போனது, அப்புறம் பாய். கடைசியில் அவள் வீட்டுத் தென்னைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்பிப் படுத்து, போய்விட்டன.

சத்தம் கேட்டு ஊரே கரைக்கு ஓடி வந்தது. மொக்கைச்சாமி அவள் முன்னால் வந்து நின்று கத்தினார். "விருந்தாளியக் கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்திட்டயே. உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஆமா, கெட்டுத்தான் போச்சு. இப்ப அவுக கண்ணால பாக்கட்டும்."

அதிகாரி கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அக்கரை போயாக வேண்டும். செருப்பைக் கழற்றினார், முழங்கால் வரை வேட்டியை மடித்தார். அது போதாது என்று அவருக்கே தெரிந்தது. ராக்கம்மாள் முன்னால் இறங்கிக் கையை நீட்டினாள். கொஞ்சம் தயங்கி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடு ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்தது. அவர் தடுமாறினார். காகிதக் கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இது ஆனித் தண்ணி. ஐப்பசியில ரெண்டு ஆள் மட்டம்," என்றாள்.

"உங்க பொண்ணை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?"

அவள் வீட்டு விஷயத்தைச் சத்திரத்தில் யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"விடிஞ்சும் விடியாம வந்தோம். பொழுது சாயுறப்பத் தண்ணி வடிஞ்சுச்சு. அவ உச்சிப்பொழுதுலேயே போயிட்டா."

அக்கரை ஏறியதும் ஒரு கல்லில் உட்கார்ந்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"முதல் அவசரம்னு எழுதிட்டேன். ஆனா உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். இது மதுரைக்குப் போகணும், மதராஸ் போகணும், பணம் ஒதுக்கணும். கல்லு விழவே மூணு வருஷம் ஆகும். உங்க சின்னப் பொண்ணுக்கு இது உதவாது."

ராக்கம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"அவளுக்காகத்தான் கேட்டேன். இல்லேன்னு சொன்னா சாமி கண்ணைக் குத்தும்," என்றாள். "சரி. ஆவணியிலேயே கடமலைக்குண்டுல ஒரு குச்சு வீடு பிடிச்சு அவளைக் கூட்டிட்டுப் போயிருவேன். தோப்பு இருக்கு, என்னால முடியும். கூலிக்குப் போற கருத்தம்மா மருமகளும் முழுகாம இருக்கா. அவ எங்கன போயி மூணு மாசம் உக்காருவா? போக்கத்தவளுக்குத்தான் சர்க்கார் பாலம் வேணும். எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும்."

அவர் வண்டியேறிப் போனார். ராக்கம்மாள் திரும்ப ஆற்றில் இறங்கினாள். இக்கரையில் ஆம்பளைகள் இன்னும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டி, தன் வீட்டையும் தாண்டி, ஊருக்குக் கீழ்ப்புறம் தள்ளி இருந்த கருத்தம்மாள் தெருவுக்குப் போனாள். கருத்தம்மாள் இருபது வருஷமாக அவள் தோப்பில் வேலை செய்கிறவள். இருந்தாலும் அந்தத் தெருவுக்குள் ராக்கம்மாள் அதுவரை கால் வைத்ததில்லை.

குடிசை வாசலில் கருத்தம்மாள் பதறி எழுந்தாள்.

"ஆவணியில நான் ராமுத்தாயைக் கடமலைக்குண்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உன் மருமகளையும் அனுப்பு. பிள்ளை பெத்துக்கிட்டு வரட்டும்."

கருத்தம்மாள் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இவளுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா, ஆத்தா. என் பெரிய மகன் பெண்டாட்டி. உங்க ஜக்கம்மாவுக்கு முந்தின வருசம். அதே கரையிலதான்."

ராக்கம்மாளுக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் கருத்தம்மாள் வேலைக்கு வராமல் இருந்தது நினைவிருந்தது. எதற்கு என்று கேட்ட நினைவு இல்லை. மந்தையில் அத்தனை பேருக்கு முன்னால் ஜக்கம்மாள் பேரை மட்டும் சொன்னோமே என்று கூசிப்போனாள்.

"அனுப்புறேன்," என்ற கருத்தம்மாள், அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ரெண்டு பேரும் ஒரே குச்சுலயா, ஆத்தா?"

அக்கரையில் சொன்னபோது இதை அவள் யோசிக்கவில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே குடத்துத் தண்ணீர். ஊர் என்ன சொல்லும், ராமுத்தாயின் மாமியார் என்ன சொல்லுவாள் என்பதெல்லாம் ஒரு கணத்தில் வந்து முன்னால் நின்றது.

குடிசைக்குள் அந்தச் சின்னப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஒரே குச்சுலதான்," என்றாள் ராக்கம்மாள்.