செவ்வாய்க்கிழமை நடந்தவள்

"பந்தம் பிடிக்க யாருங்கையா?" மூன்றாவது தடவையாகக் கேட்டார் சடங்கு செய்ய வந்த கனகராஜ். கேட்டுக்கொண்டே, குச்சியில் சுற்றிய துணியை நெய்யில் முக்கினார்.

"லக்ஷிதா பிடிப்பா," என்றார் செல்லப்பன்.

கூடாரத்துக்குள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்றுக் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கஸ்தூரி, மஞ்சள் பூசிய முகத்தோடு பெட்டிக்குள் கிடந்தாள். அவளுக்கும் புருஷன் செல்லப்பனுக்கும் பிள்ளை கிடையாது; பிறகு பேரப்பிள்ளைக்கு எங்கே போவது? இருந்ததெல்லாம் பக்கத்து வீட்டு லக்ஷிதாதான். மூன்று மாதக் குழந்தையாகக் கஸ்தூரி கையில் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் ரூபேந்திரனும் சந்திரமதியும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். சனிக்கிழமை இரவு எல்லை தாண்டி ஸ்கூடாய் வீட்டுக்கு வருவார்கள், ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார்கள். பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது.

சந்திரமதி அவளை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "சாரி லா அங்கிள். பிள்ள பயந்துடும். அது பேரப்பிள்ளைங்க செய்யிறது. நாங்க வெளியாளுங்கதானே?"

வெளியாளுங்க! செல்லப்பனுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. டெங்கிக் காய்ச்சலில் பிள்ளை கிடந்தபோது ஐந்து நாள் ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டு எழாதவள் வெளியாளா?

"உன் பிள்ள எப்ப நடந்துச்சு, தெரியுமா?"

"ஏன் தெரியாம? ஞாயித்துக்கிழமை. தவழ்ந்தது, நின்னது, எல்லாமே எங்க முன்னாலதான் ஃபர்ஸ்ட் டைம். ஆன்டிகூட கைதட்டுனாங்களே."

கைதட்டினாள்தான். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பிரிட்ஜை விட்டு ஏழெட்டு அடி தானாக நடந்து வந்து கஸ்தூரியின் கைலியைப் பிடித்தது பிள்ளை. கஸ்தூரி அழுதாள், சிரித்தாள், பிறகு புருஷனிடம் விரலை நீட்டினாள். "வாயத் தொறந்தீங்க, அவ்வளவுதான். பெத்தவ பாக்கட்டும்." அந்த வாரம் முழுக்கப் பிள்ளையைத் தரையில் விடாமல், முட்டி வலியோடு தூக்கிக்கொண்டே திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் அறியாதவள் போல, "இன்னிக்கு நடப்பா போலருக்கு மதி, நிக்கவெச்சுப் பாரேன்" என்றாள். ஒவ்வொன்றுக்கும் இதே கூத்துதான்.

"செவ்வாக்கிழமை," என்றார் செல்லப்பன். "காலையில பதினோரு மணி. தவழ்ந்தது ஒரு வியாழக்கிழமை. எல்லாத்தையும் மறைச்சுவெச்சு, ஞாயித்துக்கிழமை உனக்குக் காட்டுனா, இந்த வெளியாளு."

சொல்லியும் ஆத்திரம் அடங்கவில்லை. அவள் கட்டிக்காத்ததை அவள் தலைமாட்டிலேயே போட்டு உடைத்துவிட்டோமே என்று தன் மேலும் கோபம் வந்தது.

ரூபேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். சந்திரமதி இடுப்பிலிருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "அம்மான்னு கூப்பிட்டது?" என்றாள். "அதுவும் முன்னாடியேவா?"

செல்லப்பன் பெட்டியைப் பார்த்தார். பிள்ளை முதலில் அப்படிக் கூப்பிட்டது கஸ்தூரியைத்தான். அன்றிலிருந்து ஒரு மாதம், சந்திரமதியின் போட்டோவைக் காட்டிக் காட்டி அவள் அதை மாற்றினாள்.

"அது உன்னையத்தான்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் முன்னாலதான் மொதல்ல."

சந்திரமதி பிள்ளையோடு பெட்டியருகே வந்து, அவளை இறக்கி நிற்க வைத்தாள். கனகராஜ் பந்தத்தைக் கொளுத்தி, "நீங்களும் சேத்துப் பிடிச்சுக்குங்கம்மா" என்று நீட்டினார். லக்ஷிதா இடது கையால் வாங்கினாள். சந்திரமதி அதை வலது கைக்கு மாற்றப் பார்த்தாள். பிள்ளை விடவில்லை.

"அவளுக்கு எல்லாத்துக்கும் இடது கைதான்," என்றார் செல்லப்பன்.

சந்திரமதி கையை எடுத்துக்கொண்டாள். பிறகு பிள்ளையின் அந்தப் பக்கமாக மாறி மண்டியிட்டு, அந்தச் சின்ன இடது கையோடு சேர்த்துப் பிடித்தாள்.