புள்ளி விழாத பூ

என் வீட்டுக்காரருக்கு 'முன்யோசனை' என்று பட்டப்பெயர். கண்ணாடிக் கொட்டகை போட்டு லில்லிப் பூ வளர்க்கிறார். இதழில் ஒரு புள்ளி விழுந்தால் வியாபாரி தொடமாட்டான். அதனால் நோய் வருகிறதோ இல்லையோ, வாரம் தவறாமல் பூஞ்சைக்கொல்லி அடிப்பார். "செடி நல்லாத்தானே இருக்கு, எதுக்கு?" என்று கேட்டால், "வந்தப்புறம் உக்காந்து அழவா?" என்பார். போதாக்குறைக்கு, வெட்டிப்போட்ட தண்டுகளையெல்லாம் தன் அலுவலக அறை ஜன்னலுக்குக் கீழேயே குவித்து மக்கவிட்டிருந்தார். உரம் சும்மா கிடைக்கிறதாம்! அந்த ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தினமும் டீ குடிப்பார்.

இளவயதில் டிபி வந்து ஆறிய நெஞ்சு அது. நுரையீரலில் ஒரு குழி மிஞ்சியிருந்தது. போன வருடம் அந்தக் குழியில் பூஞ்சை குடியேறிவிட்டது. இருமினால் ரத்தம். பூஞ்சையைக் கொல்ல மாத்திரை கொடுத்தார்கள். மனிதர் ஒருவேளைகூடத் தப்பாமல் விழுங்கினார். ரத்தம் நின்றபாடில்லை.

டாக்டரம்மா சளியைச் சோதித்துவிட்டு, "இந்தப் பூஞ்சைக்கு மாத்திரை பழகிப்போச்சு. இனிமே கேக்காது" என்றார்.

"டோஸைக் கூட்டிப் பாருங்களேன் டாக்டர். என் பூவுக்கெல்லாம் நான் அப்படித்தான் செய்வேன்" என்றார் இவர், ஏதோ தொழில் ரகசியம் சொல்கிற தோரணையில்.

அந்தம்மா எழுதுவதை நிறுத்தினார். "பூவுக்கு என்ன அடிக்கிறீங்க?"

இவர் பெருமையாகப் பெயரைச் சொன்னார். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் குப்பைமேட்டைப் பற்றி நான் சொன்னேன்.

"சரியாப் போச்சு! அதுவும் என் மாத்திரையும் ஒரே குடும்பம். இந்தப் பூஞ்சை உங்க குப்பைமேட்டுலயே அந்த மருந்தைத் தாங்கிப் பழகிட்டுத்தான் நெஞ்சுக்குள்ள வந்திருக்கும்."

இனி ஊசிதான், அது கிட்னியைக் கெடுக்கலாம், அதற்கும் கேட்காவிட்டால் தன் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்.

வார்டில் மருந்து சொட்டுச்சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த மகான் செல்போனை என்னிடம் நீட்டுகிறார். "பண்ணைக்குப் போடு. இந்த வாரம் மருந்து அடிச்சாங்களான்னு கேளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதெல்லாம் அடிச்சாச்சு. ஒரு பூவுலயும் புள்ளி இல்ல. உங்க மலர்வளையத்துக்கு எடுத்து வைக்கச் சொல்லவா?"

சொன்ன பிறகு என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கோபப்படவில்லை. இருமினார். கைக்குட்டையைப் பார்த்தார். என் கண்ணில் படாமல் மடித்துத் தலையணைக்கு அடியில் செருகினார்.

"மருந்து அடிக்காத பூவா வைக்கச் சொல்லு," என்றார். "புள்ளி இருந்தாலும் பரவாயில்ல."