ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறவர்கள்

டார்லீனின் ஆங்கில வகுப்பில் பதினோரு பேரும் காலையில் ஆரஞ்சு ஜூஸ் குடித்தார்கள். பிறகு பூங்காவில் ஓடினார்கள். திரும்பி வந்து நாய்க்குச் சாப்பாடு வைத்தார்கள். பதினோரு தாளிலும் இதே கதைதான். பாடப் புத்தகத்தில் கென் என்று ஒருவன் இருக்கிறான். அவன் தினமும் செய்கிற காரியங்களை வைத்துத்தான் ஆங்கில நிகழ்காலத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவனுடைய நாளை இவர்கள் ஆளுக்கொரு தாளில் காப்பியடித்து நீட்டியிருந்தார்கள்.

நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் இறைச்சி ஆலையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. பூங்கா இருந்தது. அதில் யாராவது ஓடி டார்லீன் கூசெரா இருபது வருஷமாகப் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் மூக்குக்கு மேல்தான் வரும். தாள்களை மேஜையில் போட்டாள்.

"இந்தக் கென்னை எனக்குக் கண்டாலே ஆகாது. இவன் எங்க வேலைக்குப் போறான்னே புத்தகத்துல இல்ல. உங்க நாளை எழுதுங்க. எப்ப எந்திரிக்கிறீங்க, எங்க போறீங்க. நேரம் வேணும், தெருப் பேரு வேணும்."

"நான் நெஜமாவே ஓடறேன் டீச்சர்," என்றான் ஆலையில் மாட்டுத் தோல் உரிக்கிற பெனான்சியோ. "பஸ்ஸு கெளம்பிட்டா."

வகுப்பு நடக்கிற நூலகக் கீழ்த்தளமே சிரித்தது. பெத்ரோனா மட்டும் சிரிக்கவில்லை. குவாத்தமாலாக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். மதியம் மூன்று மணி ஷிஃப்டில் விலா எலும்பு வெட்டுகிறவள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் யெசெனியாவைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் மடித்த துணிக் கூடையோடுதான் பத்து மணி வகுப்புக்கு வருவாள். அன்று எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தாள்.

"நேரமும் எழுதணுமா டீச்சர்?"

நேரம் இல்லாமல் தினசரிக் காரியம் எப்படி ஆகும் என்று கேட்டாள் டார்லீன்.

"பொய்யா எழுதினா தப்பா? இலக்கணம் சரியா இருந்தா போதும்ல?"

"பொய்யா எழுதினா பாடம் மனசுல நிக்காது பெத்ரோனா. உங்க உண்மையை எழுதிப் பாருங்க, சாகற வரைக்கும் மறக்காது."

பெத்ரோனா கொஞ்ச நேரம் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று டார்லீன் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் தங்க யாரிடம் என்ன அனுமதிச் சீட்டு இருக்கிறது, யாரிடம் இல்லை என்று அவள் வகுப்பில் ஒருநாளும் விசாரித்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

அடுத்த வாரம் பெத்ரோனாவின் தாள் வந்தது. ஐந்தரைக்கு எழுகிறேன். ஏழு நாற்பதுக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நான்காம் தெரு சலவைக் கடையில் துணி துவைக்கிறேன். மெஷின் சுற்றும்போது புத்தகம் படிக்கிறேன். என் மகள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கை தூக்குகிறாள். அவன், அவள் என்று வந்தால் வினைச்சொல்லின் வாலில் ஒரு 'எஸ்' சேர்க்க வேண்டும். எல்லோரும் அதை விழுங்கிவிடுவார்கள். பெத்ரோனா ஓர் இடத்திலும் விடவில்லை. போட்ட 'எஸ்' மேலேயே இன்னொரு தரம் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தாள்.

டார்லீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்க நட்சத்திரம் ஒட்டினாள். இந்த முறை கென் இல்லாத பதினோரு தாள்களையும் மேலே கொண்டுபோய், நூலக வாசலில் இருக்கிற பலகையில் பெயரோடு குத்தி வைத்தாள். பெத்ரோனாவுடையது நடுவில். இந்த ஊர்க்காரர்கள் வாரம் தவறாமல் தின்கிற மாட்டுக்கறியை யார் வெட்டுகிறார்கள், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டுமே என்று நினைத்தாள். பெத்ரோனா பலகைக்குக் கீழே நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாவது செவ்வாய்க்கிழமை வகுப்பு காலியாகக் கிடந்தது. பெனான்சியோ மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"பெத்ரோனாவை இமிக்ரேஷன்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க டீச்சர். துவைக்கிற எடத்துல. ரெண்டு வண்டி முன்னாடியே வந்து நின்னுச்சாம். அவ துணியை மெஷின்ல போடற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் உள்ள போயிருக்காங்க. துணி அங்கயே கெடக்கு. எங்கள்ல யாரும் இப்ப அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது."

டார்லீன் போனாள். யாரோ ஈரத்துணியை எடுத்து மெஷின் மேல் குவித்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சட்டைகள், புள்ளி போட்ட சின்னக் காலுறைகள். எல்லாவற்றையும் உலர்த்தும் மெஷினில் போட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை. எட்டு மணி. நான்காம் தெரு. பலகையில் தொங்குகிற தாள். அதனால் இருக்காது, இந்தக் கடை ஊருக்கே தெரிந்த இடம்தானே, யாராவது போட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே வாதாடினாள். துணி காய்கிற வரைக்கும் வாதாடினாள்.

கூடையைப் பெத்ரோனாவின் தங்கை ஒடிலியா வீட்டில் கொடுக்கப் போனாள். கதவு பாதிதான் திறந்தது. கூடை உள்ளே போனதும் சாத்திக்கொண்டது. அங்கிருந்து நேரே நூலகத்துக்கு வந்து பதினோரு தாள்களையும் பிய்த்தெடுத்தாள். எதற்கு இந்த அவசரம் என்று நூலக மேஜையில் இருந்தவள் கேட்டாள். டார்லீன் தாள்களைப் பைக்குள் திணித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தடுப்புக் காவல் முகாமிலிருந்து பெத்ரோனா கூப்பிட்டாள். டார்லீன் தனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் ஆரம்பித்தாள்.

"இங்கிலீஷ்லயே பேசுங்க டீச்சர். இங்க எல்லாரும் ஸ்பானிஷ்தான் பேசறாங்க. படிச்சது மறந்துடும்னு பயமா இருக்கு."

யெசெனியா ஒடிலியாவிடம் இருக்கிறாள் என்று சொன்னாள் டார்லீன். வக்கீலைப் பிடிக்கிறேன் என்றாள். அது நடக்காது என்றாள் பெத்ரோனா. நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததை டார்லீன் கடைசியில் கேட்டுவிட்டாள். நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அந்த அதிகாரி போன்ல என் தாளைக் காட்டினாரு டீச்சர். போட்டோ புடிச்சு வெச்சிருக்காரு. நீ எழுதினதான்னு கேட்டாரு. ஆமான்னேன். ஒரு தப்புகூட இல்லன்னாரு."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. பரீட்சை மார்க்கை வீட்டில் வந்து சொல்கிற குரல். அவள் திட்டியிருந்தால் டார்லீன் தாங்கியிருப்பாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். நேரம் முடிந்துவிட்டதென்று இயந்திரக் குரல் ஒன்று சொல்லி, தொடர்பு அறுந்தது.

டார்லீன் மூன்று வக்கீல்களைப் பார்த்தாள். பாதிரியாரைப் பார்த்தாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் வேறுவேறு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் பெத்ரோனாவை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். யெசெனியா ஒடிலியாவிடமே தங்கிவிட்டாள். இப்போது வகுப்பில் அவள் கை தூக்குவதே இல்லையாம்.

அடுத்த மாதம் நான்கு பேர் வகுப்புக்குத் திரும்பினார்கள். டார்லீன் வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்கவில்லை. இருந்தும் பெனான்சியோ எல்லோருடைய தாளையும் வாங்கி மேஜையில் வைத்தான். ஏழு மணிக்கு எழுகிறேன். ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறேன். பூங்காவில் ஓடுகிறேன். நான்கிலும் நேரம், தெரு எல்லாம் கென்னுடையது.

"தினமும் ஜூஸ் குடிக்கிறீங்களா பெனான்சியோ?"

"தினமும் குடிக்கிறேன் டீச்சர்." அவன் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டார்லீன் நான்கு தாளையும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரு தப்புகூட இல்ல," என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்பது உறைத்தது.