நடுச்சுவர்க் கம்பி

1954ஆம் வருடத் தவக்காலத்தில், இலங்கை மலைநாட்டின் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பியில் தொங்கியவன் மரியநாயகம். வளர்ந்தவள் அடுத்த வீட்டு றீட்டா. கொழுந்தை அரைத்துத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த மரியநாயகம் ஐந்தடி இரண்டு அங்குலம், கொழுந்து பறிக்கிற றீட்டா ஐந்தடி மூன்று. அந்த ஓர் அங்குலம்தான் வினை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் அவன் பெண் கேட்டுப் போனபோது அவளுடைய அப்பா அந்தோனிக் கங்காணி, பங்குச் சாமியார் முன்னாலேயே, "என் மகள விட ஒசந்து வா, கட்டித் தாரேன். இல்லாட்டி ஈஸ்டர் முடிஞ்சதும் ஹல்துமுல்லை மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருவேன்" என்று சொல்லிவிட்டார். குட்டை மாப்பிள்ளையைப் பார்த்து, ஓரறைக் காம்பராக்கள் சுவரோடு சுவராக ஒட்டிய லயமே சிரிக்கும் என்று அவருக்குப் பயம். தவக்காலத்தில் கல்யாணம் பேசுகிற வழக்கமில்லை என்பதால் மரியநாயகத்துக்கு நாற்பது நாள் கிடைத்தது.

தொங்கினால் எலும்பு நீளும் என்று ஸ்டோரில் எவனோ சொன்னதை நம்பி அவன் பதுளைக்கு பஸ் ஏறினான். இரும்புக்கடை இப்றாஹீம் நானா எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். "கூரையில மாட்டினா தகரத்தோட தலையில வரும் தம்பி. கதவு நிலையில மாட்டினா போக வர இடிக்கும். பத்தடிக் காம்பராவுக்குச் செவுருதான் தோது. ஆனா ஆணி நிக்காது, போல்ட்ட மறுபக்கம் வரைக்கும் விட்டு நட்டுப் போட்டு முறுக்கணும்." ஒல்லிக் கம்பி உள்ளங்கையை அறுக்கும், தடித்த குழாய் பிடிக்குள் அடங்காது, சுவரை ஒட்டி மாட்டினால் முழங்கால் தேயும். கடைசியில் ஓரங்குலத் தண்ணிக் குழாயும், அதை ஒரு முழம் தள்ளிப் பிடிக்க இரண்டு இரும்புக் கைகளும் வாங்கினான். வெளிச்சுவர் கருங்கல், துளைக்க முடியவில்லை. ஆகவே கங்காணி வீட்டுக்கும் தன் காம்பராவுக்கும் நடுவிலிருந்த மண்சுவரில் மாட்டினான், அங்கேதான் பிசகினான். அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகளில் கங்காணி கோட்டைத் தொங்கவிட்டார், றீட்டா கூடையைத் தொங்கவிட்டாள்.

காலையும் மாலையும் தொங்கினான். இரண்டு வாரத்தில் றீட்டா ஐந்தடி ஐந்து அங்குலமானாள். அவன் ஒரு மயிரிழை கூட வளரவில்லை, பாவம், மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போது யாருக்கும் தெரியாமல் அழுதான். அவன் தொங்கும்போதெல்லாம் தன் கணுக்கால் குறுகுறுப்பதைக் கவனித்திருந்த றீட்டா அங்கேயே வந்து திட்டினாள். "கிறுக்கா உங்களுக்கு? நீங்க தொங்கத் தொங்க நான்ல வளர்றேன்! விடுங்க, இனி நான் தொங்குறேன்."

அப்பா வெளியே போகிற நேரம் பார்த்துப் போல்ட் முனைகளில் ஒரு குழாய்த் துண்டைக் கட்டித் தொங்கினாள். இப்போது அவன் வளர்ந்தான். ஆனால் அவள் எடையில்லாத பெண், அவன் மெதுவாகத்தான் வளர்ந்தான். பெரிய வெள்ளியன்று இருவரும் சரிசமம், ஐந்தடி ஐந்து. மறுநாள் காலை அவளுடைய விரல்கள் வீங்கி மடங்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதவளிடம் கங்காணி காரணம் கேட்டார், அவளும் மறைக்காமல் சொன்னாள்.

வாழ்நாளில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்காத மனிதர் அவர். அதற்காக மகள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டார், உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தார், குழாயைப் பிடித்துத் தொங்கினார். மூட்டைக் கணக்கில் கனம் அந்த உடம்பு. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்த மரியநாயகத்துக்குச் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன, தலை கம்பியில் இடித்தது.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சாமியார் இருவரையும் முதுகோடு முதுகாக நிறுத்தினார். அவன் மூன்று அங்குலம் கூடுதல். கங்காணி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னா செய்றது, வாக்குன்னா வாக்குதான்" என்று சலித்துக்கொண்டார். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் துணிக்கட்டு. ஏன் என்று லயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மரியநாயகம் குனிந்து அந்தக் கைகளைப் பிடித்தான்.

"மெதுவா மாப்ள" என்றார் அவர்.