மடியில் வைத்த கத்தி

செட்டிகுளம் தங்கராசுவின் கிணற்றுக்கொல்லையில் கிழக்குப் பாதி, ஒரு மாசி மாதக் காலையில் வெங்காயப் பயிரோடு கிளம்பி, ஆலத்தூர் கேட், பெரம்பலூர், அரியலூர் வழியாகத் திருமானூருக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேரச் சில வருஷங்கள் பிடித்தன. சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. பட்டா இன்னும் தங்கராசு பெயரில்தான் இருக்கிறது, வரியையும் அவன்தான் கட்டுகிறான். நிலம் ஏன் போயிற்று என்று கேட்பவர்களுக்கு முதலில் கத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிலத்தின் மேல் குற்றம் எதுவும் இல்லை.

அது ஒரு மடக்குக் கத்தி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தார்ப்பாய் விரித்து, செல்போன் உறைக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் போட்டு விற்கிற சாமான். சிவப்பு பிளாஸ்டிக் பிடி. அதில் இருந்த சிங்கம் முதல் வாரத்திலேயே அழிந்துபோயிற்று. நகத்தை விட்டு இழுத்தால் திறக்கும். திறந்த பிறகு நிற்க வைக்கப் பூட்டு கிடையாது, அழுத்தினால் விரல் மேலேயே மடங்கும். வெங்காயச் சாறு பட்டால் சாயங்காலத்துக்குள் துரு ஏறும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். இதெல்லாம் குறை. நிறை என்றால், சாக்குச் சணலை ஒரே இழுப்பில் அறுக்கும், சொட்டுநீர்க் குழாயை நசுக்காமல் வெட்டும், மடியில் செருகினால் இருப்பதே தெரியாது. எங்கள் பக்கத்தில் கைலியைச் சுருட்டிச் செருகுகிற இடத்துக்கும் மடி என்றுதான் பெயர், பிள்ளையை உட்கார வைக்கிற இடத்துக்கும் மடி என்றுதான் பெயர். தங்கராசு அந்தக் கத்தியைத் தூங்கும்போது தவிர மடியை விட்டு எடுத்ததில்லை.

விற்றவன் சொல்லாத குணம் ஒன்று அதற்கு இருந்தது. அந்தக் கத்தியால் வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்வதில்லை. அறுத்த சணலின் நுனிகளை முடிச்சுப் போட முடியவில்லை, ஒன்றை இழுத்தால் மற்றது நழுவியது. குழாயில் எத்தனை இணைப்பு மாட்டினாலும் கழன்று விலகியது. “இந்தக் கத்தியில நறுக்குனா பாதி வெங்காயந்தான் கொழம்புக்கு வருது, மீதி வாசலுக்கு ஓடுது” என்று அவன் மனைவி மணிமொழி அலுத்துக்கொண்டாள். “வாங்குன வெலைக்கு அது போதும்டி” என்றான் தங்கராசு. ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டிக்கொண்டே நிற்கிற ஆட்டுக்கிடாக்கள் வைத்திருந்த இரண்டு பேர் கத்தியை இரவல் வாங்கி, கிடாக்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார்கள். நல்ல பலன் இருந்தது.

அவனுடைய ஒரே தங்கை சிந்தாமணி, திருமானூர் நல்லுசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். கிணற்றுக்கொல்லையில் கிணறு வெட்டியபோது அப்பாவோடு நின்று மண் சுமந்தது அவள்தான். தங்கராசு அந்த வருஷம் திருப்பூரில் இருந்தான். அப்பா போன பிறகு, ஒரு தை மாதம் வந்து, வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறை நிழலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே கொல்லையில் தனக்கும் பங்கு உண்டா என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. தங்கராசு அப்போது ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தான். பாதியைக் கத்தி முனையில் குத்தி அவள் கையில் கொடுத்து, “இந்தா, ஒம் பங்கு” என்றான். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கெல்லாம் தங்கை இருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று எங்கள் ஊரில் கீழே வைத்துத்தான் கொடுப்பார்கள், மற்றவர் குனிந்து எடுத்துக்கொள்வார். தங்கராசு இதில் கறாரானவன். கத்தியைத்தானே கொடுக்கக் கூடாது, கத்தி முனையில் இருக்கிற பழத்தைக் கொடுக்கலாம் என்று நினைத்துவிட்டான். சிந்தாமணி அந்தப் பாதியை விதைகூட விடாமல் தின்றாள், குழாயடியில் கை கழுவினாள், பஸ் ஏறிப் போனாள். மீதிப் பாதியைத் தங்கராசு தின்றான்.

அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வர முடியாமல் போயிற்று. அவன் ஓர் அடி முன்னால் வைத்தால், அவள் நிற்கிற தரை அவளை ஓர் அடி பின்னால் கொண்டுபோய் வைத்தது. அவள் முன்னால் வந்தால் இவன் பின்னால் போனான். பெரம்பலூரில் ஒரு டாக்டர் இருவருக்கும் தனித்தனியாகச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். கல்யாணங்களில் இவனுக்குப் பந்தலில் இலை போட்டால் அவளுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். தீர்வு என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பங்கை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். அதை அவனிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, அவரவர் வீட்டிலும் பிரிக்காத கொல்லை இருந்தது.

தங்கராசு கல்நெஞ்சன் இல்லை. அவனுக்குப் பிள்ளை கிடையாது. சிந்தாமணியின் மகள் மேகலா மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்குச் செட்டிகுளத்து மலைக்கோயிலில் காது குத்துவதாக வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பட்டுப்பாவாடையும் கம்மலும் கரும்பும் தட்டில் வைத்துக்கொண்டு, விடியும் முன்பே மலையடியில் வந்து நின்றான். மேலே பிள்ளையோடு சிந்தாமணி நின்றாள். அவன் படியேறினால் அவள் மலைக்குப் பின்னால் சரிந்துவிடுவாள் என்பதால் ஏறவில்லை. பிள்ளையைக் கீழே அனுப்பலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை.

“அண்ணா, ஒரு வார்த்த சொல்லு. தரேன்னு சொல்லு போதும். புள்ளய எறக்கி அனுப்புறேன், ஒம் மடியிலயே குத்திக்கலாம்” என்று மேலிருந்து கத்தினாள்.

தங்கராசு நிமிர்ந்து பார்த்தான். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அடிவாரத்தில் மொட்டை போட வந்தவர்கள்கூட அவன் வாயையே பார்த்தார்கள்.

“சொல்லுண்ணா!”

அவன் கை மடிக்குப் போயிற்று. கத்தியை எடுத்து, நகத்தால் திறந்து, தட்டில் இருந்த கரும்பைச் சீவ ஆரம்பித்தான். சீவி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. நல்லுசாமியின் தம்பி மடியில் உட்கார வைத்து மேகலாவுக்குக் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டது கீழே நன்றாகக் கேட்டது. அவன் தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

நேராகக் கொல்லைக்குப் போனான். வடக்கே வரப்பிலிருந்து தெற்கே வரப்பு வரைக்கும், குனிந்தபடியே, கத்தி முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான். “இந்தக் கோட்டத் தாண்டி எவ பங்கு கேட்டு வர்றான்னு பாக்குறேன்” என்று யாரும் இல்லாத கொல்லையில் சத்தம் போட்டான். யாரும் தாண்டி வரவில்லை. மறுநாள் காலையில் கோட்டுக்குக் கிழக்கே இருந்த நிலம் ஒரு சாண் விலகியிருந்தது, சாயங்காலத்தில் பக்கத்துக் கொல்லையைத் தாண்டியிருந்தது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள். அளந்து முடிப்பதற்குள் அது நகர்ந்துவிட்டதால் திரும்பிப் போனார்கள். பெரம்பலூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் வரப்பில் ஏறிச் சவாரி போனார்கள். அரியலூரில் ரயில் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு தண்டவாளத்தைத் தாண்டியது. கடைசியில் சிந்தாமணி வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கிணறு மேற்குப் பாதியில் இருந்ததால் அது வரவில்லை. அவள் மண் சுமந்த கிணறு அண்ணனிடமே நின்றுவிட்டது.

அன்றைக்கு அவள் போன் செய்தாள்.

“நெலம் வந்துருச்சுண்ணா.”

“பயிரு?”

“பயிரும் வந்துருச்சு. கெணறு வரல.”

“மேகலா?” என்றான்.

“பெரிய புள்ளயாயிட்டா. ஒன்ன அடையாளந் தெரியாது.” பிறகு, “வெல கம்மியான கத்தின்னு சொன்னாங்க. நல்லாத்தான்ணா வெட்டுது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கொல்லையில் நிலம் போன இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் நாரை வந்து நிற்கும். தங்கராசு இப்போதும் வியாழக்கிழமைகளில் பெரம்பலூர் வருகிறான். தார்ப்பாய்க் கடையில் யாராவது அந்தக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனே போய், பூட்டு இல்லை, விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் தொட்டு வையுங்கள், மற்றபடி தினமும் வைத்துக்கொள்ள நல்ல கத்தி என்று சொல்கிறான். போன வாரம் ஒருவர், மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் குத்தாதா என்று கேட்டார்.

“மடியில வேற யாரும் ஒக்காரலன்னா குத்தாதுங்க” என்றான் தங்கராசு.

கேட்டவர் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.