இரண்டாவது லீவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் பெஞ்சு டிக்கெட்டில் சேர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர்: பூட்டுப் பட்டறை கஸ்பார், அவர் மனைவியின் தம்பி அந்தோணிமுத்து, பட்டறையில் அரம் பிடிக்கும் மொக்கைச்சாமி, தோல் ஷாப் முதலாளி நூர் அகமது. பெண்கள் பக்கத்தில் கஸ்பாரின் மனைவி இஞ்ஞாசியம்மாள். ஆக ஐந்து பேர். தாங்களும் அன்றைக்கு அவர்கள் பக்கத்தில்தான் இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்களையெல்லாம் உட்கார வைத்தால் அந்தப் பெஞ்சு முறிந்திருக்கும்.

கஸ்பார் சினிமாவுக்குப் போகிற ஆள் அல்ல. அறுபத்திரண்டாம் வருஷத்துத் திண்டுக்கல்லில் அவருக்குத் தெரிந்த வழி இரண்டுதான், கோயிலுக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று. அவரைக் கொட்டகைக்கு இழுத்து வந்தது அந்தோணிமுத்துவின் வாய். அவன் படத்தை நான்கு தடவை பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்: "பாங்கிக் கொள்ளை படம். அதுல நம்ம திண்டுக்கல் பூட்டை ஒருத்தன் கம்பியால தொறக்குறான். அம்புட்டு லாவகம்!"

நூர் அகமது தோல் சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்கு இரண்டு மாதம் முன்புதான் பதினான்கு பூட்டு கொடுத்திருந்தார் கஸ்பார். தன் பட்டறைப் பூட்டுத்தானா அது என்று கண்ணால் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நூர் அகமதுவும் கூட வந்துவிட்டார்.

கஸ்பார் வீட்டில் ஒரு கட்டு உண்டு. பூட்டின் உள்ளே இருப்பதைப் பட்டறைக்கு வெளியே பேசக் கூடாது. மூன்று தலைமுறையாக யாரும் பேசியதில்லை. கட்டிக்கொடுத்த பெண்களுக்குக்கூடத் தெரியாது. லீவர் பூட்டு என்றால் சாவி உள்ளே இருக்கும் லீவர் தகடுகள் எல்லாவற்றையும் மேலே தூக்கும். அதுதான் ஊர் அறிந்த வேலை. இந்த வீட்டுப் பூட்டில் மட்டும் இரண்டாவது லீவர் கீழே அமுங்க வேண்டும். கள்ளக் கம்பி தூக்கத் தூக்க அது இறுகும். அந்த வீட்டின் பெயர் முழுக்க அந்த ஒரு லீவரில் நின்றது.

விளக்கு அணைந்தது. முதல் அரை மணி நேரம் கஸ்பார் சுவரில் சாத்திவைத்த பலகை மாதிரி இருந்தார். பிறகு கொள்ளைக்காரர்கள் மூன்று பேரும் சாக்கடை வழியாகப் பாங்கிக்குள் புகுந்தார்கள். கஸ்பாரின் முதுகு பெஞ்சிலிருந்து விலகியது. காவல்காரன் இருமியபோது அவரும் மூச்சை அடக்கினார். துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மடியில் வைத்துப் பிழிந்தார்.

"செத்த நேரம் சும்மா இருங்க மச்சான், பெஞ்சு ஆடுது" என்றான் அந்தோணிமுத்து.

திரை முழுக்கப் பூட்டு வந்தது. மாங்காய் வடிவம், நெற்றியில் மூன்று ஆணி. அவர் வீட்டு வேலையேதான். திருடன் கம்பியை நுழைத்துத் தூக்கினான். திறக்கவில்லை. மறுபடி தூக்கினான். அவன் நெற்றியில் வேர்வை. வெளியே போலீஸ் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. திறக்கவில்லை என்று கஸ்பார் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்கோ நெஞ்சு அடித்துக்கொண்டது. பூட்ஸ் சத்தம் கதவுக்கு வந்துவிட்டது. பிடிபடப் போகிறான், பாவிப் பயல்!

எழுந்து நின்றுவிட்டார்.

"ஏலே, தூக்காதடா! ரெண்டாவத அமுக்கு! கீழ அமுக்குடா!"

திரையில் திருடன் கையைக் கீழே அழுத்தினான். பூட்டு திறந்துகொண்டது.

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "திருடனுக்குக் கேட்டுருச்சுடோய்!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல். "அண்ணே, நம்ம வீட்டுப் பீரோவுக்கும் வழி சொல்லுங்க!" என்று இன்னொரு குரல். பெண்கள் பக்கத்தில் இஞ்ஞாசியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கஸ்பார் உட்காரவில்லை. அவர் காதில் சிரிப்பு விழவில்லை. தன் குரல்தான் திரும்பத் திரும்ப விழுந்தது. நேராக வெளியே நடந்தார். நூர் அகமது பின்னாலேயே வந்தார். வாசல் வெயிலில் இருவரும் நின்றார்கள்.

"அண்ணே, எங்க கிட்டங்கிப் பூட்டும் அப்படித்தானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நூர் அகமது நம்பியிருப்பார். கஸ்பார் அவரைப் பார்த்தே சொன்னார்: "அப்படித்தான் பாய். பதினாலும் அப்படித்தான்."

"விடுங்க. நான் யாருட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"நீங்க எதுக்குச் சொல்லணும்? நாந்தான் கொட்டகை பூராவுக்கும் சொல்லிட்டேனே. பூட்டை எல்லாம் கழட்டித் தாங்க. உள்ள மாத்தித் தாரேன்."

"அதுவரைக்கும் கதவுக்கு?"

"நான் இருக்கேன்."

மொக்கைச்சாமி பட்டறையிலிருந்து பூட்டைக் கவ்விப் பிடிக்கும் இறுக்கியையும் அரங்களையும் வண்டியில் கொண்டுவந்தான். தோல் நாற்றத்துக்கு நடுவே, கிட்டங்கி வாசலிலேயே கஸ்பார் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பூட்டிலும் எந்த லீவர் அமுங்கும் என்பதை வேறு வேறாக வைத்தார். பதினான்குக்கும் புதுச் சாவி. சோறு அங்கேயே வந்தது. இஞ்ஞாசியம்மாள் தூக்குச் சட்டியை வைத்துவிட்டு, "வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். "கதவு தொறந்து கெடக்கு" என்றார்.

இரண்டாம் நாள் அந்தோணிமுத்து தயங்கித் தயங்கி வந்து நின்றான். கஸ்பார் தலையைத் தூக்கவில்லை. அரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பய தப்பிச்சானா?"

"எந்தப் பய மச்சான்?"

"தெரியாத மாதிரி கேக்காத மாப்ளே."

"பிடிபட்டுட்டான். கூட்டாளியே காட்டிக் கொடுத்துட்டான்."

அரம் நின்றது. "பூட்டுனால இல்லையே?"

"இல்ல மச்சான். பூட்டு வேலை சுத்தம்."

கஸ்பார் ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த பூட்டை இறுக்கியில் வைத்தார்.

மூன்று இரவும் மூன்று பகலும் அப்படிப் போயின. புதன்கிழமை சாயங்காலம் பதினான்கு பூட்டும் அததன் கதவில் தொங்கின. சாவிக் கொத்தை நூர் அகமது கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தார்.

கொட்டகையில் வாய்விட்டதற்காக நூர் அகமது அவரைக் காவலுக்கு உட்கார வைத்தார் என்று ஊரில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. யாரும் உட்கார வைக்கவில்லை. கஸ்பார் தானாக உட்கார்ந்தார்.